சாவு சொன்ன செல்போன்

அம்மாடி,

எந்தக் கடிதத்தையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் அதைக் கேட்கப்போவதில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நலம் விசாரிக்க எனக்கு வராது. போனிலேயே திட்டியிருக்கலாமே என்பாய். போனில் நான் கத்துவேன், நீ 'சரிப்பா, சரிப்பா' என்பாய், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து பாதி ஆயுசை மைக்கைப் பிடித்துக் கத்தியே கழித்தவன் நான். கத்தினால் எவனும் காது கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய். உன் அம்மாவைப் பற்றிய கடிதம் என்பதால் கண்டிப்பாகப் படிப்பாய்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். புது வேலை, வெளிநாடு, உனக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்க்கப்போகிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாய். 'அம்மா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க' என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மா எப்படி அடக்கமானாள் என்பதை மறந்துவிட்டாயா? பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மேலே விழாமல் போனாள். கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் உயிரோடு, கல்லு மாதிரி இருக்கும்போதே அவன் கையால் ஒரு புடவை போர்த்தப்படாமல் போனாள். அதற்குக் காரணம், நீ இப்போது தலைமை ஏற்கப்போகிற அதே வகை வேலைதான். அதை நீ செய்யவில்லை, உன் கம்பெனியும் செய்யவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டாய். நம்புகிறேன். ஆனால் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று உன் வாயாலேயே பிறகு சொன்னாய், அதையும் நம்புகிறேன்.

உன் வேலை என்ன என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒருமுறை சொன்னாய். ஊரிலுள்ள போன்களெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கோடு கோடாக இழுத்தால் பெரிய வலை மாதிரி வரும். அந்த வலை ஒரே மாதிரி நிற்காது. நேற்று இருந்த கோடு இன்று இருக்காது, இன்று புதிதாக நாலு முளைக்கும். அதில் எந்தப் போன் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது என்று இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் அதிகாரிக்குக் காட்டும். அவர் பார்த்து முடிவெடுப்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 'நல்ல வேலதான், திருட்டுப் பசங்க மாட்டுவானுங்க' என்று உன் அம்மா சொன்னாள். அவளோடு தையல் கடை வைத்திருந்த லெப்பைக்குடிக்காட்டு ஜைனம்பு, பேங்க்கில் இருந்து பேசுவதாகச் சொன்ன எவனையோ நம்பி, மகன் துபாயிலிருந்து அனுப்பியதையெல்லாம் பறிகொடுத்துவிட்டு நின்றாளே, அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு. ஆகவே ஏமாற்றுக்காரனைப் பிடிக்காதே என்று எழுதுவதாக நினைக்காதே. பிடி. நன்றாகப் பிடி. நான் சொல்ல வந்தது வேறு.

அன்று விடிகிற நேரத்தில் உன் அம்மா போய்விட்டாள். உனக்குத்தான் முதலில் சொன்னேன். அடுத்தது உன் மாமன். பிறந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்வது நம் வழக்கம். உடையார்பாளையத்துக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவன் விடிவதற்கு முன்பே முந்திரிக் காட்டுக்குப் போய்விடுகிறவன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். உன் அத்தை வாசலில் வேலையாக இருந்திருப்பாள். சரி, திரும்பப் போடலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பங்காளிகள், சம்பந்திகள், அவளிடம் துணி தைத்தவர்கள், என்னோடு டிப்போவில் வேலை பார்த்தவர்கள், செட்டிகுளத்தில் உன் சின்னத்தாத்தா வகையறா, துபாயில் மகனோடு இருந்த ஜைனம்பு. ஒவ்வொருவருக்கும் நானேதான் சொன்னேன். நம் பக்கத்தில் சாவை இழுத்துப் பேச மாட்டோம். 'இன்னார் போயிட்டாங்க, கெளம்பி வாங்க.' அவ்வளவுதான். அந்தப் பக்கம் அழுகை கிளம்புவதற்குள் வைத்துவிடுவோம். பதிலுக்கு நிற்பது மரியாதை இல்லை. 'யா அல்லா, நேத்துதானே எங்கிட்ட பேசுனா' என்று ஜைனம்பு அலறினாள், பாதியில் வைத்துவிட்டேன். வைக்காமல் என்ன செய்வது? அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் சொல்லிவிட்டு, விட்டுப்போன உன் மாமனுக்கு மறுபடி போட்டேன். அதற்குள் பந்தல் போட்டாகிவிட்டது, மேளக்காரர்கள் வந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பெண்கள் கூடி அழுகிறார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. உன் அத்தைதான் எடுத்தாள் என்று நினைத்தேன். 'தங்கச்சி, உங்க அண்ணி போயிட்டாம்மா, அவனக் கூட்டிக்கிட்டு கெளம்பி வாங்க' என்றேன். வைத்துவிட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கப் போனேன். மனசில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பிறந்த வீட்டுக்குச் சொல்லியாயிற்று அல்லவா?

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். மதியம் வரைக்கும் உன் மாமன் வரவில்லை. பங்காளி ஒருத்தர் தன் போனில் அவனைப் பிடித்தார். ஜெயங்கொண்டம் டீக்கடையில் யாரோ, 'ஒங்க அக்கா வூட்டுக்கு இன்னும் கெளம்பலயா?' என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. 'மூணாவது மனுசன் சொல்லித் தெரிஞ்சிக்கிற சாவாய்யா எங்க அக்கா சாவு? எனக்கு எவனும் சொல்லல. சொல்லாத வூட்டுக்கு நான் வர்றதில்ல' என்று அவன் கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது. நான் போனைப் பிடுங்கினேன். 'ஒம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்டா. அவள கேளு. மறைச்சுட்டு நிக்கிறா பாரு' என்று கத்தினேன். அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். 'அண்ணே, எனக்கு போனே வரலண்ணே. எம் புள்ளைங்க மேல சத்தியமா வரல' என்றாள். நான் என் போனைத் திறந்து, அவன் பெயர் இருந்த இடத்தைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டினேன். இதோ பார், போட்டிருக்கிறேன், இதோ நேரம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? வெயில் இறங்கும் வரை வைத்துப் பார்த்துவிட்டு, பங்காளி வீட்டுப் புடவையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு போனோம்.

பால் தெளித்துவிட்டு வந்த காலையில் வீடு அமைதியாக இருந்தது. ஆத்திரம் கொஞ்சம் தணிந்து, அவனோடு பேசிவிடலாம் என்று போட்டேன். அதே பொம்பளைக் குரல். 'இந்த எண்ணிலிருந்து அழைக்கும் வசதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' மறுபடி போட்டேன். மறுபடி அவள்தான், அதே பதமான குரலில். மேளச் சத்தத்தில் நான் சாவு சொன்னது இவளிடம்தான். அழவும் தெரியாத, உயிரும் இல்லாத ஒரு பதிவுக் குரலிடம் 'தங்கச்சி' என்று சொல்லிவிட்டு, அந்தத் தைரியத்தில் ஒரு நல்ல பொம்பளையைப் பந்தலில் வைத்துப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். அன்றே ஆள் விட்டு உன் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு உன் மாமன் சொல்லி அனுப்பியதை உனக்கு இதுவரை நான் சொல்லவில்லை. 'ஒழுங்கா இருக்குற மனுசன் போன எதுக்கு நிறுத்துவாங்க? என்ன பண்ணாருன்னு நிறுத்துனாங்க? காரணத்தக் கேட்டுட்டு வரச் சொல்லு. அப்புறம் பேசலாம்.' பார்த்தாயா? உங்கள் இயந்திரம் என் மேல் போட்ட சந்தேகம் என் மச்சான் வரைக்கும் நடந்து போய்விட்டது.

காரணம் கேட்கப் போனேன். பெரம்பலூரில் அந்த போன் கம்பெனி கடையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். 'சிஸ்டம் பிளாக் பண்ணிருக்குப்பா' என்றாள். ஏன் பிளாக் பண்ணியது என்றேன். 'சந்தேகமா இருந்திருக்கும்' என்றாள். என்ன சந்தேகம் என்றேன். 'அது எங்களுக்கு வராதுப்பா.' அவளைத் திட்டி என்ன பயன்? அம்புதானே அவள். திருச்சிக்குப் போனேன். அங்கே இந்த நிறுத்தங்களைப் பார்க்கிற அதிகாரி ஒருவரைப் பிடிக்க நாலு நடை நடந்தேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, திரையையே என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் நம்பர், பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி, ஒரு மதிப்பெண். முடிந்தது.

'காரணம்னு ஒரு கட்டம் இருக்குமேங்க?' என்று கேட்டேன்.

'இல்லைங்க. இது மட்டுந்தான் வரும். இதப் பாத்துட்டு சரின்னு ஒரு அழுத்து, வேண்டாம்னு ஒரு அழுத்து. வரிசையில வந்துக்கிட்டே இருக்கும். மதிப்பெண் இவ்ளோ இருந்தா சரின்னு அழுத்திடுவோம்.'

'எதுக்குன்னே தெரியாமயா?'

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி என் நம்பரை இன்னொரு தரம் பார்த்தார். 'அன்னிக்கு என்னங்க நடந்துச்சு ஒங்க வூட்டுல?' என்று கேட்டார். என் சம்சாரம் தவறிவிட்டாள், சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன் என்றேன். நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். 'விடிகாலையிலேர்ந்து சொந்தக்காரங்க நம்பருக்கெல்லாம் சுருக்கமா பேசிருக்காருன்னு ஒரு வரி வந்திருந்தா நானே விட்டுருப்பேங்க. எங்க வூட்டுலயும் சாவு விழுந்திருக்கு. நானும் இப்படித்தான் போன் போட்டேன்.' இதைச் சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். போன் அதற்குள் தானாகவே திரும்ப வந்துவிட்டிருந்தது. சேவை மீண்டும் தொடங்கியது, இனிய நாளாக அமையட்டும் என்று ஒரு செய்தி வந்தது. இனிய நாளாம்! அந்தச் செய்தியைப் படித்தபோது போனை ரோட்டில் போட்டு உடைத்திருப்பேன். உன் அம்மா படம் அதில்தான் இருக்கிறது என்று விட்டேன்.

எனக்குப் பொறுக்காதது எது என்று சொல்கிறேன். அந்த மனிதருக்குத் தெரியும். சாவு என்றால் என்ன, இந்த மண்ணில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று அவர் பிறந்து வளர்ந்து தெரிந்துகொண்டிருக்கிறார். முடிவெடுக்க அவரை உட்கார வைத்து, சம்பளமும் கொடுத்து, முடிவெடுக்கத் தேவையான அந்த ஒரு வரியை மட்டும் அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள். பிறகு 'மனிதர்தான் முடிவெடுக்கிறார்' என்று வெளியே சொல்லிக்கொள்கிறீர்கள். கண்ணைக் கட்டிவிட்டு, பார்த்து நட என்று சொல்கிற கதை இது. நான் டைம் கீப்பராக இருந்தபோது லேட்டாக வந்த பஸ்ஸுக்குச் சிவப்பு மையில் குறித்தால், பக்கத்திலேயே காரணம் எழுதியாக வேண்டும். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி குறுக்கே நின்றது, சந்தை நாள், டயர் பஞ்சர், எதுவோ ஒன்று. 'இந்த டிரைவர் சரியில்லை' என்று வெறுமனே எழுதினால் அவன் என் சட்டையைப் பிடித்திருப்பான். அவன் பிடிப்பது நியாயம்தான். என்னைக் குறித்தவன் சட்டையை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். 'அப்பா, வழக்கமா நீங்க பேசுறது கொஞ்ச பேரோடதான். அன்னிக்கு ஒரே மூச்சுல எத்தனையோ நம்பருக்குப் போட்டிருக்கீங்க. பாதி நீங்க இதுக்கு முன்னாடி போட்டதே இல்ல. எல்லாம் சின்னச் சின்ன கால், வெளிநாடு வேற. ஏமாத்துறவன் போன் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும்' என்றாய். புரிந்தது. ஒத்துக்கொண்டேன். அப்புறம் நீயாகவே சொன்னாய், 'ஆனா ஒரு வித்தியாசம் இருக்குப்பா. ஏமாத்துறவன் போன் போட்ட ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் அறியாதவங்க. அவங்களுக்குள்ள பேச்சே இருக்காது. ஒரு சாவுன்னா, கேட்டவங்க எல்லாம் அடுத்த நிமிஷமே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக் கேப்பாங்க. வலையே வேற மாதிரி மாறிடும். அது மாறுறதுக்குள்ள நிறுத்திருச்சு. அப்புறம் திரும்பிப் பாக்கல.'

இந்த வித்தியாசத்தை அதிகாரிக்குக் காட்ட முடியாதா என்று கேட்டேன். 'காட்டலாம்ப்பா. எதனால சந்தேகம், எது சந்தேகத்துக்கு எதிரா இருக்குன்னு ரெண்டையும் எழுதிக் காட்ட வைக்கலாம். கொஞ்சம் செலவு, கொஞ்சம் மெதுவா ஓடும்.' அப்படியானால் ஏன் செய்யவில்லை என்றேன். நீ சொன்ன பதில் எழுத்து மாறாமல் என் காதில் இருக்கிறது. 'யாரும் கேக்கலப்பா. நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பாத்தான் போகும்.' அந்த ஒன்று ரெண்டில் உன் அம்மா இருக்கிறாளடி! அதை என்னிடம் சொல்லும்போது உன் நாக்கு கொஞ்சமாவது தடுமாறியிருக்க வேண்டாமா? அன்று கேட்காமல் வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உன் தாத்தாவைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, ஆத்திரம்தான். அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல நம் தெருவிலிருந்துதான் ஆள் போக வேண்டும். கூலி என்று ஒன்று கிடையாது, போக மாட்டேன் என்கிற பேச்சும் கிடையாது. பசியோ காய்ச்சலோ, நடக்க வேண்டும். போன வீட்டில் தெருவிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அது நாசமாய்ப் போன காலம், அதை மெச்ச நான் பைத்தியக்காரன் இல்லை. எங்கள் தலைமுறை 'இனி போக மாட்டோம், அவங்கவங்க சாவை அவங்கவங்க சொல்லிக்கட்டும்' என்று நின்று, அடிபட்டு அந்த வழக்கத்தை ஒழித்தது. என் வீட்டுச் சாவை என் சொந்தங்களுக்கு, என் காசில் வாங்கிய போனில் சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமிதம்கூட உண்டு. இன்னொன்றும் உன் தாத்தா சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஊர் எல்லையில் அவரைச் சந்தேகப்பட்டு மறிப்பார்கள். 'எவன்டா நீ, எங்க போற?' 'சாவு சொல்லப் போறேங்க' என்றால் ஒதுங்கி வழிவிடுவார்கள். மனுசனை மனுசனாக மதிக்காத அந்தப் படுபாவிகள்கூட, மறிப்பதற்கு முன் எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. படித்தவர்கள் நீங்கள்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் உன்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதாய். 'வெயில்ல நின்னதுக்கு அழுவுறியாடி?' என்று உன் அம்மா கேட்டாள். 'இல்லம்மா. எதுக்குன்னே சொல்ல மாட்டேங்குறாங்க' என்றாய். மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து உன் டீச்சரிடம் நான் சண்டை பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவமானமாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். கடைசியில் அந்த அம்மா காரணத்தைச் சொன்னார்கள், பக்கத்துப் பெண் செய்த குறும்புக்கு உன்னைத் தப்பாக நினைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது, ரெண்டு நிமிஷத்தில் தீர்ந்தது. காரணத்தைச் சொன்னால்தான் அது தப்பா சரியா என்று பேசவே முடியும் என்பதை அந்த வயதில் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். எந்தக் காலேஜில் அதைத் தொலைத்தாய்?

வேலைக்குப் போகாதே என்று எழுதவில்லை. போ. ஆனால் யாரும் கேட்கவில்லை என்ற பேச்சை இனிமேல் எடுக்காதே. நான் கேட்கிறேன். அப்பன் கேட்டால் போதாதா? சிவப்புக் குறி போடுகிற இடத்தில், ஏன் போட்டது என்று அந்தத் திருச்சிக்காரருக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் காட்ட வை. சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம் என்பதற்கு என்ன தெரிகிறதோ அதையும் பக்கத்தில் எழுத வை. வலை மாறுகிறது, மாறுகிறது என்கிறாயே, மாறிய பிறகு ஒருதரம் திரும்பிப் பார்க்க வை. செலவாகும், மெதுவாகும் என்று உன் மேலே இருப்பவன் சொன்னால், அவன் வீட்டில் சாவே விழாதா என்று கேள். கேட்க உனக்கு வாய் இல்லை என்றால் தலைமைப் பதவி எதற்கு? சம்பளம் கூட வரும், சரி. அதற்காக மட்டுமா உன்னை உன் அம்மா கண் வலிக்க வலிக்க ஜாக்கெட் தைத்துப் படிக்க வைத்தாள்?

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முந்தாநாள் உடையார்பாளையம் போயிருந்தேன். கம்பெனி காரணம் தராது என்று தெரிந்துபோயிற்று. நீ சொன்னதையாவது சொல்லிப் பார்ப்போம் என்று நானே பஸ் ஏறிவிட்டேன். உன் மாமன் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உன் அத்தைதான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இளைத்துப்போயிருக்கிறாள். சாவை மறைத்தவள் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்விட்டாளாம். நான் கத்திய கத்தலுக்கு எவ்வளவு தூரம் ஓட்டம் பார். அவள் முன்னால் கை கூப்பிவிட்டு, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். ஏமாற்றுக்காரன் போன் எப்படி இருக்கும், சாவு வீட்டுப் போன் எப்படி இருக்கும், ரெண்டும் முதலில் ஒரே மாதிரி தெரியும், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ரெண்டாவதில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று.

உன் மாமன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டான்.

'அப்ப அன்னிக்கி காலையில அக்காவ நெனச்சி எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. துபாய்ல இருக்குற ஜைனம்பு அக்கா மொதக்கொண்டு.'

'ஆமாடா.'

'நான் ஒருத்தன் மட்டும் காட்டுல சருகு கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன் மாமா. பாட்டு பாடிக்கிட்டு.'

அவ்வளவு பெரிய ஆள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கா செத்ததற்கு அவன் அன்றுதான் அழுகிறான் என்று எனக்குப் பட்டது. கோபத்தில் இத்தனை மாதமாக அழாமலே இருந்திருக்கிறான். நானும் அழுதேன். நான் உன்னிடம் இதை மறைக்கப்போவதில்லை.

உன் அத்தை உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தாள். பிரிக்காத கவர். அன்று டீக்கடையில் சேதி கேட்டதும், கோபம் தலைக்கேறுவதற்கு முன்னால், உன் மாமன் முதலில் ஜவுளிக்கடைக்குத்தான் ஓடியிருக்கிறான். பச்சைப் புடவை, அரக்கு பார்டர். அக்காவுக்குப் பச்சை பிடிக்கும் என்று அவனே பொறுக்கி எடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், 'எனக்குச் சொல்லவில்லையே' என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது. பிணத்துக்கென்று வாங்கிய புடவையை யாரும் கட்ட முடியாது. யாருக்கும் கொடுக்க முடியாது. போர்த்தாமல் மிஞ்சிய கோடியை என்ன செய்வது என்று நம் சனத்தில் யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இதுவரைக்கும் நடந்ததில்லை.

அதை மடியில் வைத்துக்கொண்டு உன் அத்தை என்னிடம் கேட்டாள். 'அண்ணே, பாப்பா பெரிய படிப்பு படிச்சிருக்கு. இத என்ன பண்றதுன்னு அதுகிட்ட கேட்டு சொல்லுங்க.'

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே. பிளைட் ஏறுவதற்கு முன்னால் உடையார்பாளையம் போய், அவள் எதிரில் உட்கார்ந்து சொல்.

அப்பா